பழைய வண்டலைப் படித்து ஆற்று வெள்ளத்தின் கணக்கை எடுப்பது எப்படி: மலையக ஆறுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

2025 நவம்பர் கடைசியில், இலங்கையில் டித்வா புயல் மழையோடு மகாவலி ஆறு கம்பளை ஊருக்குள் ஏறி வந்து வடிந்தது. அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "இப்படித் தண்ணி இதுக்கு முந்தி வந்திருக்கா? இனி எப்ப வரும்?" யாராவது ஒருவர் "நூறு வருஷத்துக்கு ஒரு தரம்" என்பார். இன்னொருவர் 1947 ஆகஸ்ட் வெள்ளத்தைச் சொல்வார். ஆற்றின் நீர்மட்டத்தைத் தினமும் அளந்து எழுதிய பதிவுகள் நம்மிடம் சில பத்தாண்டுகளுக்குத்தான் இருக்கின்றன. ஐம்பது, அறுபது வருடப் பதிவை வைத்து இருநூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைச் சொல்வது, ஒரு வாரத்துக் கொழுந்து நிறுவையைப் பார்த்து அந்தத் தோட்டத்தின் பத்து வருட விளைச்சலைச் சொல்வது போன்றது.

ஆனால் ஆறு தானே ஒரு பதிவை வைத்திருக்கிறது. பெரிய வெள்ளம் வரும்போது ஓட்டம் குறைந்த மூலைகளில் மணலையும் சேற்றையும் விட்டுவிட்டுப் போகிறது. அந்த அடுக்குகளைத் தேடி, வயது கண்டு, உயரத்தை அளந்து, நீரின் அளவாக மாற்றும் முறைக்குத் தொல்வெள்ள நீரியல் என்று பெயர். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பெக்கோஸ் ஆற்றில் கோச்செலும் விக்டர் பேக்கரும் செய்த வேலை 1982இல் வெளிவந்த பிறகு இது ஒரு துறையாகவே வளர்ந்தது. இந்தியாவில் விஸ்வாஸ் காலே நர்மதை, தபதி ஆறுகளில் இதைச் செய்து காட்டினார். மலையகத்தில் இதைச் செய்ய முடியும், செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புதுக் காணி பிரித்து வீடு கட்டும் ஒவ்வொரு ஓயா (சிற்றாறு) கரைக்கும் இந்தக் கணக்கு தேவை.

பல்கலைக்கழகப் புவியியல், பொறியியல் மாணவர்களையும், ஆர்வமுள்ள ஆசிரியர்களையும், ஊர் இளைஞர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஆய்வுகூட வேலைக்கு மட்டும் ஒரு நிறுவனத்தின் துணை வேண்டும். மற்றதெல்லாம் காலும் கண்ணும் பொறுமையும் இருந்தால் செய்யலாம்.

எந்த எண்ணைத் தேடுகிறோம்?

"நூறு வருட வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் வெள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த ஒரு வருடத்திலும் அது வர 100க்கு 1 வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். இந்த வருடம் வந்துவிட்டால் அடுத்த வருடம் வராது என்ற உத்தரவாதம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டி 30 வருடம் இருந்தால், அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம். 50 வருடம் இருந்தால் கிட்டத்தட்ட 40 சதவீதம். நாலு பேரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

நினைவில் இருப்பதை முதலில் சேகரியுங்கள்

மண்ணைத் தோண்டும் முன் மனிதர்களிடம் போங்கள். ஆற்றோர லயத்தில் பிறந்து வளர்ந்த வயதானவர்கள்தான் உங்கள் முதல் அளவுகோல். ஆனால் "எந்த வருஷம்?" என்று நேரடியாகக் கேட்காதீர்கள், பதில் தடுமாறும். வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவங்களோடு சேர்த்துக் கேளுங்கள். "பெரியம்மா, ஒப்பந்தத்துல ஆளுங்க இந்தியாவுக்குப் போனதுக்கு முந்தியா, பிந்தியா?" "பஞ்ச காலத்துக்கு முன்னமா?" "தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்பவா, கம்பெனிக்கு மாறினப்பவா?" சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 (ஆட்கள் போனது அதற்குப் பின் வந்த வருடங்களில்), பஞ்சம் 1973–74, தோட்டங்கள் அரசுடைமையானது 1972க்கும் 1975க்கும் இடையில், கம்பெனிகள் வந்தது 1992. இவற்றுக்கு நடுவில் வைத்தால் வருடம் தானாக நெருங்கி வரும்.

அடுத்தது, தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "கோயில் மூணாம் படி", "டிஸ்பென்சரி ஜன்னல் கட்டை" என்று வரும் பதில்கள் தங்கம். அந்த இடத்தைப் படமெடுத்து, உயரத்தை அளந்து வையுங்கள். பல தோட்டங்களில் நெடுங்காலமாக மழை அளந்து எழுதி வந்திருக்கிறார்கள், தோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று மட்டங்களும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைப் பதிவுகளும் வேண்டும். பழைய நாளிதழ்களில் 1947 ஆகஸ்ட், 1957 டிசம்பர் மாத இதழ்களைத் தவறவிடாதீர்கள்.

இடம் தேர்வு: வேலையின் பாதி இதுதான்

தவறான இடத்தில் தோண்டினால் எத்தனை நாள் தோண்டினாலும் பயன் இல்லை. கம்பளை மாதிரி அகன்ற, மண் கரை கொண்ட சமவெளியில் ஆறு தன் படுகையையே மாற்றிக்கொள்ளும். இன்று அளக்கும் அகலம் 300 வருடத்துக்கு முன் இருந்ததா என்று சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் பாறை பிடித்த, குறுகலான, நேரான ஒரு பகுதி. களனி கங்கையின் கித்துல்கலைப் பக்கத்துப் பாறை இடுக்கு இதற்கு நல்ல மாதிரி. பாறை அசையாததால் அன்றைய ஆற்றின் உருவமும் இன்றைய உருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

அப்படிப்பட்ட பகுதிக்குள் வண்டல் தேங்கும் மூலைகளைத் தேடுங்கள். சிற்றோடை ஒன்று பெரிய ஆற்றில் சேரும் வாய் மிக நல்ல இடம். வெள்ள நேரத்தில் ஆற்று நீர் ஓடைக்குள் பின்னோக்கி ஏறி, அங்கே அசையாமல் நின்று மணலை இறக்கும். பெரும்பாறையின் பின்பக்கம், இடுக்கு திடீரென அகலும் இடம், வளைவின் உள்பக்கம் எல்லாம் பாருங்கள். நான் முதலில் தேடிப்போவது ஆற்றுக்கு மேலே தொங்கும் பாறையின் அடியில் உள்ள பொந்துகளை. காரணம் நம் காலநிலை. வட்டவளை போன்ற இடத்தில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. திறந்த கரையில் கிடக்கும் வண்டலை வேரும் கறையானும் மண்புழுவும் மழைநீரும் சில பத்தாண்டுகளில் கலைத்துவிடும். பாறைக்கூரையின் கீழ்தான் அடுக்கு அடுக்காகப் பிழைத்திருக்கும். வறண்ட நாடுகளில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு அடுக்கு கிடைப்பதைப் படித்துவிட்டு அதையே இங்கே எதிர்பார்க்காதீர்கள். சில நூறு வருடம் கிடைத்தாலே பெரிய வெற்றி.

அணைகளையும் பாருங்கள். காசல்ரீயும் மவுசாகலையும் களனியின் தலைப்பகுதியைப் பிடித்து வைத்திருக்கின்றன. கொத்மலை 1985 முதல், மேல் கொத்மலை 2012 முதல் கொத்மலை ஓயாவைப் பிடித்து வைத்திருக்கின்றன. அணைக்குக் கீழே உள்ள இடமென்றால் அணைக்கு முந்திய வெள்ளமும் பிந்திய வெள்ளமும் ஒரே பட்டியலில் சேராது. தொடக்கத்தில் பழகுவதற்கு, கொத்மலை ஓயா வந்து சேரும் இடத்துக்கு மேலே நாவலப்பிட்டிப் பக்கத்து மகாவலி போல, பெரிய அணை இல்லாத பகுதியை எடுப்பது நல்லது.

புது அடையாளத்தில் கண்ணைப் பழக்குங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2025 வெள்ளம் எதுவரை வந்தது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சுவரில் சேற்றுக் கோடும், மரக்கிளையில் சிக்கிய துணியும் பொலித்தீனும், மரப்பட்டையில் அடிபட்ட காயமும் இருக்கின்றன. அதே வெள்ளம் மூலைகளில் எந்த உயரத்தில் மணலை விட்டுப் போனது என்று பாருங்கள். மணலின் மேல்முகம் எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். நீங்கள் தேர்ந்த மூலையில் அந்த இடைவெளி அரை மீட்டரா, இரண்டு மீட்டரா? இன்றைக்கு அளந்துவிட்டால், பழைய அடுக்குகளுக்கும் உண்மையான நீர்மட்டம் எவ்வளவு மேலே இருந்திருக்கும் என்று ஊகிக்க ஒரு அடிப்படை கிடைக்கும்.

சேற்றுக் கோடு இரண்டு மழைக்காலத்தில் போய்விடும், வீட்டுக்காரர் வெள்ளை அடித்தால் அதற்கு முன்பே போகும். ஆகவே மற்ற எதையும் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். விலையுயர்ந்த கருவி இல்லையா? மேசன் பாஸ்மார் மட்டம் பிடிக்கிற தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு தடியில் அளவுகோலைக் கட்டினால் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் உயரம் எடுக்கலாம். ஒரு பாறையில் பெயின்ட் புள்ளி வைத்து, எல்லா உயரத்தையும் அதிலிருந்தே அளவிடுங்கள்.

குழி

தோண்டும் முன் கிராம உத்தியோகத்தரிடமும், தோட்டக் காணி என்றால் தோட்டத்துரையிடமும், பொலிஸிலும் சொல்லிவிடுங்கள். ஆற்றோரம் யாராவது குழி வெட்டினால் இரத்தினக்கல் தேடுகிறார்கள் என்றுதான் ஊர் முதலில் நினைக்கும். மாணிக்கக் குழிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால் பிரச்சினை எளிதில் பெரிதாகும். பழைய மட்பாண்டமோ மணியோ கிடைத்தால் அத்தோடு நிறுத்தி, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மழை நாளில் தோண்டாதீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் ஆழமாகப் போனால் பக்கச் சுவரைப் படிக்கட்டு மாதிரி சரித்து வெட்டுங்கள். ஈரமணல் எச்சரிக்கை தராமல் சரியும்.

கான் வெட்டிப் பழகிய கைகள் கிடைத்தால் வேலை சுத்தமாக நடக்கும். நேராக ஒரு முகத்தை வெட்டி, மேசன் கரண்டியால் சீவி, தண்ணீரைப் பூவாகத் தெளியுங்கள். அப்போது அடுக்குகள் தெரியவரும். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றின் கனத்தையும் நிறத்தையும் மணல் மணியின் பருமனையும் எழுதுங்கள்.

வெள்ள வண்டல் எப்படி இருக்கும்? மெல்லிய, சீரான மணல், பெரும்பாலும் மேலே போகப்போக இன்னும் மென்மையாகி, உச்சியில் ஒரு சேற்றுப் படலம். நம் மலைகளின் பாறையில் குவார்ட்ஸும் மைக்காவும் தாராளம், அதனால் ஆற்று மணலை வெயிலில் பிடித்தால் மினுங்கும். மலைச்சரிவிலிருந்து மழையில் கழுவி வந்த மண் வேறு மாதிரி: செம்பழுப்பு, கூர்முனைக் கற்களும் களியும் கலந்து ஒழுங்கில்லாமல் கிடக்கும். ஓடையின் சொந்த மணலைத் தனியே ஒரு பையில் எடுத்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஓடை கொண்டுவந்ததை ஆற்றின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

இரண்டு அடுக்குகள் இரண்டு வெள்ளமா, ஒரே வெள்ளத்தின் இரண்டு ஏற்றமா? மகாவலி ஒரே வாரத்தில் இரண்டு தரம் ஏறி இறங்குவது புதிதல்ல. நடுவில் காலம் கடந்ததற்குச் சாட்சி இருந்தால் மட்டும் இரண்டாக எண்ணுங்கள்: மக்கிய சருகுப் படலம், வேர் விட்ட கறுப்பு மண், பாறைக்கூரையிலிருந்து உதிர்ந்த சிறு கற்கள், எறும்புப் புற்று, அடுப்புக்கரி. சாட்சி இல்லையென்றால் ஒன்று என்றே எழுதுங்கள்.

இன்னொரு பொறி மண்சரிவு, மலையகத்தில் இதை எவ்வளவு சொன்னாலும் தகும். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தையில் இறங்கியது போன்ற சரிவுகள் பள்ளத்தாக்குகளில் பெருங்கற்களைக் குவித்து விட்டுப் போகும். அதைப் பார்த்து "எவ்வளவு பெரிய வெள்ளம்!" என்று கணக்குப் போட்டால் முழுத் தவறு. சரிவில் பெரிய கல்லும் சிறிய கல்லும் களிக்குள் புதைந்து கலந்து கிடக்கும். ஆறு உருட்டிய கற்கள் முனை மழுங்கி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, பெரும்பாலும் ஆற்றின் மேற்பக்கம் நோக்கிச் சரிந்து அடுக்கியது போலிருக்கும். சரிவு ஆற்றை அடைத்துப் பின் உடைந்து வந்த வெள்ளமும் உண்டு. அதையும் மழை வெள்ளத்தோடு ஒரே பட்டியலில் போடக்கூடாது.

வயது காண்பது

மேல் அடுக்குகளுக்கு ஆய்வுகூடமே வேண்டாம். உள்ளே பிஸ்கட் உறையோ பொலித்தீனோ இருந்தால் அது அண்மைக்காலம். அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் படிந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் 1950களுக்கு முன் மண்ணில் கிடையாது, அதன் உச்சம் 1963. இந்த ஒரு அளவீடே பல சந்தேகங்களைத் தீர்க்கும். காப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் 1830கள் முதல் காடு அழிந்தபோது ஆறுகளுக்கு வந்து சேர்ந்த மேல்மண் கூடியது. அடுக்குகளின் நிறமும் கனமும் திடீரென மாறும் இடத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

கீழ் அடுக்குகளுக்கு இரண்டு வழி. கரி, விதை, இலை கிடைத்தால் கார்பன்-14. கரித்துண்டில் ஒரு ஆபத்து: 200 வருடம் நின்ற மரத்தின் நடுத்தண்டு எரிந்த கரி, வெள்ளத்தைவிட 200 வருடம் பழைய வயதைக் காட்டும். அதனால் விதைக்கும் சருகுக்கும் முதலிடம் கொடுங்கள். இன்னொரு சிக்கல், 1650க்கும் 1950க்கும் நடுவில் கார்பன்-14 தெளிவான ஒரு வருடத்தைத் தராது, பல காலங்கள் பொருந்திவரும். அங்கே இரண்டாவது வழியான ஒளித்தூண்டல் முறை உதவும்: குவார்ட்ஸ் மணி கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று அது சொல்லும். குவார்ட்ஸ் நிறைந்த நம் மலைக்கு இது பொருத்தம். மாதிரியை எடுக்கும்போது வெளிச்சம் படக்கூடாது. இரும்புக் குழாயை அடுக்குக்குள் அடித்து இறக்கி, இரண்டு முனையையும் அடைத்து, கறுப்புத் துணியில் சுற்றுங்கள். கலங்கிய வெள்ளத்தில் இரவில் வந்த மணல் வெயிலே பார்த்திருக்காது, அதனால் வயது கூடிக் காட்டும். ஆய்வுகூடத்திடம் தனித்தனி மணியாக அளக்கச் சொல்வது அதற்காகத்தான்.

உயரத்திலிருந்து நீரின் அளவு

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பாறை இடுக்கு 30 மீட்டர் அகலம், வெள்ளத்தின் ஆழம் 6 மீட்டர், நீர்மட்டச் சரிவு 1,000 மீட்டருக்கு 5 மீட்டர். குறுக்குப் பரப்பு 180 சதுர மீட்டர். நனையும் சுற்றளவு 30 + 6 + 6 = 42 மீட்டர். பரப்பைச் சுற்றளவால் வகுத்தால் 4.29. நீரின் வேகத்தைத் தரும் மேனிங் சமன்பாட்டில் கரடு எண் (படுகையின் கரடுமுரடைக் காட்டும் எண்) 0.045 என்று போட்டால் வேகம் வினாடிக்கு சுமார் 4.1 மீட்டர், நீரின் அளவு வினாடிக்கு சுமார் 745 கன மீட்டர்.

இப்போது கரடு எண்ணை 0.06 ஆக்குங்கள், 560க்கு இறங்கும். 0.035 ஆக்கினால் 960க்கு அருகில் போகும். ஒரே குழி, ஒரே உயரம், ஆனால் விடை இவ்வளவு ஆடுகிறது. அதனால் கரடு எண்ணைப் புத்தக அட்டவணையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஆற்று அளவுமானி பதிந்த ஒரு அண்மை வெள்ளத்தின் அடையாளம் உங்கள் இடத்துக்கு அருகில் இருந்தால், அந்த வெள்ளத்துக்குச் சரியான விடை வரும்வரை எண்ணை மாற்றிப் பாருங்கள். வேறு ஒரு சோதனையும் உண்டு: ஆழத்தை 9.81ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 6 மீட்டருக்கு 7.7 வரும். உங்கள் கணக்கில் வேகம் இதைத் தாண்டினால் எங்கோ பிழை. மலை ஆறுகளில் நீண்ட தூரத்துக்கு வெள்ளம் அந்த எல்லைக்கு மேல் ஓடுவது அபூர்வம்.

ஒரே குறுக்குவெட்டை நம்பாமல் ஐந்தாறு வெட்டுகள் அளந்து, ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும், இலவசமாகக் கிடைக்கும் ஹெக்-ராஸ் (HEC-RAS) மென்பொருளில் ஓட்டுங்கள். எல்லா அடுக்குகளும் பொருந்தும் நீர்மட்டக் கோடு கிடைக்கும். கிடைத்த எண்ணை "குறைந்தது இவ்வளவு" என்றே எழுதுங்கள், ஏனென்றால் நீர் மணலுக்கு மேலேதான் நின்றது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

இங்கே ஒரு தந்திரம். எல்லா வெள்ளத்தையும் எண்ண வேண்டாம். ஒரு வாசல் உயரத்தை எடுங்கள், அதைத் தாண்டிய வெள்ளம் எல்லாமே பொந்தில் மணல் விட்டிருக்கும் என்று நீங்கள் நம்பக்கூடிய உயரம். அதைக் கடந்தவை 800 வருடத்தில் 4 என்று வைப்போம். அதைத் தாண்டும் வாய்ப்பு வருடத்துக்கு 4/800, அதாவது சராசரியாக 200 வருடத்துக்கு ஒன்று. நான்கையும் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, வரிசை எண்ணை 4 + 1 ஆல் வகுப்போம். மிகப் பெரியதற்கு 1/5 × 4/800, அதாவது 1,000 வருடத்துக்கு ஒன்று. மிகச் சிறியதற்கு 4/5 × 4/800, அதாவது 250 வருடத்துக்கு ஒன்று.

அந்த 800ஐ மிகக் கீழே உள்ள வெள்ள அடுக்கின் வயதிலிருந்து எண்ணக்கூடாது. வெள்ளத்திலேயே தொடங்கினால் கணக்கு வெள்ளத்தின் பக்கம் சாயும். அதற்கும் கீழே உள்ள பழைய மண்ணின் வயதிலிருந்து எண்ணுங்கள்.

நான்கு நிகழ்வுகள் என்பது சிறிய எண். 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லவேண்டுமானால், 200 வருடம் என்ற விடை உண்மையில் 87 வருடத்திலிருந்து 585 வருடம் வரை எங்கும் இருக்கலாம். அகலமாகத் தெரிகிறது, ஆனால் 50 வருட மானிப் பதிவை மட்டும் நீட்டிப் போடும் கோட்டைவிட இது மண்ணில் கால் ஊன்றி நிற்கிறது. மானிப் பதிவையும் இதையும் சேர்த்துப் பொருத்த வெள்ளத்தின் அடிக்கடித் தன்மையைக் கணக்கிடும் அமெரிக்காவின் 17சி (Bulletin 17C) வழிகாட்டி முறை சொல்கிறது: மானி இருந்த வருடங்களுக்கு அளந்த எண், இல்லாத வருடங்களுக்கு "வாசலுக்குக் கீழே" என்ற தகவல். இரண்டும் கணக்கில் சேரும்.

வெள்ளம் வராததும் தகவல்தான். ஆற்றுக்கு 12 மீட்டர் மேலே ஒரு மேடு, அதில் ஆயிரம் வருடமாகக் கலையாத பழைய மண், ஆற்று மணல் ஒரு துளிகூட இல்லை என்றால், ஆயிரம் வருடத்தில் வெள்ளம் அங்கே ஏறவில்லை. அணையோ பாடசாலையோ கட்டுபவர்களுக்கு இதைவிட மதிப்புள்ள செய்தி வேறில்லை. மேட்டில் சில குழிகள் போட்டால் கிடைத்துவிடும்.

காலம் மாறியதையும் கணக்கில் எடுங்கள். காடு இருந்த காலத்து மழை இன்று தேயிலை மலையில் பெய்தால் வேகமாக இறங்கும். அதனால் 1830க்கு முந்திய அடுக்குகளையும் பிந்தியவற்றையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். விகிதம் பெரிதாக மாறினால் பிந்திய காலத்தையே நம்புங்கள். வெப்பமான வளி அதிக நீராவியைப் பிடித்து வைப்பதால் பெருமழை இனி கூடும் பக்கமே போகிறது. இரண்டு விடைகள் கையில் இருந்தால், பெரிய வெள்ளத்தைச் சொல்வதை எடுப்பதே நான் சொல்லும் வழி.

யாரிடம் கொடுப்பது?

முடிவை ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள், எல்லைகளோடு கொடுங்கள். குழியின் படம், ஜிபிஎஸ் இடம், அடுக்கு வரைபடம், பெயின்ட் புள்ளியின் உயரம் எல்லாம் சேர்த்து நான்கு பிரதி எடுங்கள்: மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு ஒன்று, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒன்று, கிராம உத்தியோகத்தருக்கு ஒன்று. நான்காவது பிரதி பக்கத்துப் பாடசாலைக்கு. குழியை மூடும் முன் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டி வந்து, பாட்டி சொன்ன படி உயரத்தையும் மண்ணில் தெரியும் கோட்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். அப்புறம் அடியில் ஒரு நீல பொலித்தீன் துண்டை விரித்து மண்ணைத் தள்ளி மூடுங்கள். பின்னால் தோண்ட வருபவருக்கு நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்று தெரிய வேண்டும்.